நிறுத்திய காரில் டாஷ்கேம்: பேட்டரியின் வரவும் செலவும்

கேள்வி: பினாங்கு ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறோம். என் பழைய மைவி காரைக் கீழே திறந்தவெளியில்தான் நிறுத்த வேண்டும். சில மாதங்களுக்கு முன் இரவில் யாரோ பின்பக்கம் இடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அதன்பின் முன்னும் பின்னும் படம் பிடிக்கும் டாஷ்கேம் வாங்கினேன். கார் நிற்கும்போதும் அது ஓடும்படி கடையில் வயர் இழுத்துக் கொடுத்தார்கள். வேலை பாயான் லெப்பாஸில். போக அரை மணி, வர அரை மணி. ஒரு வார இறுதியில் எங்கும் போகாமல் இருந்தேன். திங்கள் காலை கார் ஸ்டார்ட் ஆகவில்லை. வயர்மேன், "பெரிய பேட்டரி போடுங்கள் அக்கா, சரியாகிவிடும்" என்கிறார். என் தம்பியோ, "பவர் பேங்க் ஒன்று வைத்தால் போதும்" என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். தம்பியின் யோசனை ஆபத்தானது. வயர்மேனின் யோசனை, வந்த சிக்கலைச் சில நாள் தள்ளிப்போடும், அவ்வளவுதான். உங்கள் பேட்டரிக்கு வரவைவிடச் செலவு அதிகம். முதலில் அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

பழைய மைவி, விவா, அக்சியா போன்ற கார்களில் பரவலாக இருப்பது என்எஸ்40இசட்எல் வகை பேட்டரி. அதன் கொள்ளளவு புதிதாக இருக்கும்போது 35 ஆம்பியர்-மணி, அதாவது ஓர் ஆம்பியர் வீதம் எடுத்தால் ஏறத்தாழ 35 மணி நேரத்துக்கு வரும். முன்னும் பின்னும் பதியும் டாஷ்கேம் ஏறத்தாழ 4 வாட் இழுக்கும். 12 வோல்ட்டில் அது 0.33 ஆம்பியர். ஒரு முழு நாளைக்கு 8 ஆம்பியர்-மணி. கேமரா இல்லாவிட்டாலும் காரின் கணினி, அலாரம், ரேடியோவின் நினைவகம் எல்லாம் சேர்ந்து 0.03 ஆம்பியர் அளவில் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டுதான் இருக்கும்.

வெள்ளி மாலை நிறுத்திய காரைத் திங்கள் காலை எடுத்தால் இடையில் ஏறத்தாழ 60 மணி நேரம். கேமராவுக்கு 20, காருக்கு 2. மொத்தம் 22 ஆம்பியர்-மணி போய்விட்டது. புது பேட்டரியாக இருந்திருந்தால் தட்டுத்தடுமாறி ஸ்டார்ட் ஆகியிருக்கலாம். ஆனால் நம் ஊர் வெப்பத்தில் கார் பேட்டரி ஒன்றரை, இரண்டு ஆண்டிலேயே தளர்ந்துவிடுகிறது. 35 என்று ஒட்டியிருக்கும் பேட்டரி உண்மையில் 25தான் தரும் நிலையில் இருந்தால், திங்கள் காலை உங்களுக்கு நடந்ததில் வியப்பே இல்லை.

வார நாட்களின் கதை இன்னும் முக்கியம், ஏனென்றால் கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. காலை அரை மணி, மாலை அரை மணி ஓட்டுகிறீர்கள். பாயா தெருபோங் நெரிசலில் ஊர்ந்து, ஏர்கானும் விளக்கும் தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, பேட்டரிக்குள் சராசரியாக 4 ஆம்பியர் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு 4 ஆம்பியர்-மணி வரவு. மீதி 23 மணி நேரமும் கேமரா ஓடினால் செலவு எட்டுக்கு மேல். ஆக, திங்கள் தொடங்கி ஒவ்வொரு நாளும் நான்கு ஆம்பியர்-மணி கடன். வெள்ளிக்கிழமை காரை நிறுத்தும்போதே பேட்டரி பாதி காலியாக இருந்திருக்கும். ஈய-அமில பேட்டரிக்கு இன்னொரு குணமும் உண்டு: காலியாக இருக்கும்போது வேகமாக வாங்கிக்கொள்ளும், நிறைய நிறைய வாங்கும் வேகம் குறைந்துவிடும். கடைசி ஐந்தில் ஒரு பங்கை நிரப்பப் பல மணி நேரம் ஆகும். சிறுசிறு பயணங்களில் அது நிரம்பவே நிரம்பாது.

இதனால்தான் பெரிய பேட்டரி தீர்வாகாது என்கிறேன். 45 ஆம்பியர்-மணி பேட்டரி உங்கள் காரின் பேட்டரித் தட்டில் உட்காரும் என்றே வைத்துக்கொள்வோம். கூடுதலாகக் கிடைப்பது 10. கேமராவுக்கு அது 30 மணி நேரத் தீனி. அன்றாடக் கடன் அப்படியே இருக்கும்போது ஒரு வாரத்தில் அதையும் தின்று தீர்த்துவிடும். பாதி நிரம்பிய நிலையிலேயே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகி, அது ஆயுளுக்கு முன்பே போய்விடும். அப்போது வயர்மேன் மூன்றாவது பேட்டரியைப் பரிந்துரைப்பார்.

பவர் பேங்க்கை வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கவே கூடாது. மூடிய காருக்குள் டாஷ்போர்டின் மேல் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டுவது இங்கே அன்றாட நிகழ்வு. லித்தியம்-அயன் செல்களைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது, 60 டிகிரிக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. உப்பிப்போன பவர் பேங்க்கைப் பார்த்திருப்பீர்கள். அதற்கடுத்த கட்டம் தீ. டாஷ்கேமிலும் உள்ளே லித்தியம் பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெபாசிட்டர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது இதனால்தான்.

அடுத்து, கடையில் இழுத்துக் கொடுத்த வயரைச் சோதிக்க வேண்டும். காரை நிறுத்தியபின் கேமராவுக்கு மின்சாரம் தரும் கிட்டில் மூன்று வயர் இருக்கும். பெரும்பாலானவற்றில் மஞ்சள், சாவியை எடுத்தபின்னும் மின்சாரம் இருக்கும் ஃபியூஸுக்கு. சிவப்பு, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸுக்கு. கறுப்பு, காரின் உடலோடு பொருந்திய போல்ட்டுக்கு. சில கடைகளில் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று மஞ்சளையும் சிவப்பையும் ஒரே ஃபியூஸில் சேர்த்துவிடுகிறார்கள். அப்போது கார் ஓடிக்கொண்டே இருப்பதாகக் கேமரா நினைத்துக்கொள்ளும். இரவு முழுவதும் முழு வேகத்தில் பதியும். கார் நிற்கும்போது காவல் காக்கும் முறைக்கு (பார்க்கிங் மோட்) மாறவே மாறாது. இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். சாவியை எடுத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று கேமராவின் விளக்கைப் பாருங்கள். சிறிது நேரத்தில் நிறமோ மினுக்கோ மாற வேண்டும், அல்லது குரல் அறிவிப்பு வர வேண்டும். எதுவுமே மாறாவிட்டால் அந்தக் கடைக்கே திரும்பிப் போங்கள்.

அப்படியே ஃபியூஸ் பெட்டியையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஃபியூஸ் இருந்த இடத்தில் இரட்டை மாடி போன்ற சிறு இணைப்பான் செருகியிருக்க வேண்டும்; ஒன்றில் காரின் பழைய ஃபியூஸ், மற்றதில் கேமராவுக்கென 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ். அது இல்லாமல், வயரின் தோலை உரித்து ஃபியூஸ் காலில் சுற்றிச் செருகியிருந்தால் உடனே மாற்றுங்கள். ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் கட்டுப்பாடு ஆகியவற்றின் ஃபியூஸ்களில் எக்காரணம் கொண்டும் கை வைக்கக் கூடாது. பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள கார்களில், முன் கண்ணாடியின் ஓரத் தூணுக்குள் போகும் வயர் ஏர்பேக்குக்குப் பின்னால் போக வேண்டும். முன்னால் போனால் விரிகிற பை வயரையும் இழுத்துக்கொண்டு முகத்துக்கு வரும்.

கிட்டில் இன்னொரு அமைப்பு இருக்கிறது: பேட்டரி எத்தனை வோல்ட்டுக்கு இறங்கினால் கேமராவைத் துண்டிப்பது என்பது. ஓய்வில் இருக்கும் ஈய-அமில பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. 11.8 என்பது ஏறக்குறைய காலி. ஆனால் பல கிட்டுகள் 11.8இல் வைத்தே விற்கப்படுகின்றன. அதிக நேரம் பதிந்தால் வாங்கியவர் மகிழ்வார் அல்லவா! உங்களுடையதை 12.2க்கு மாற்றுங்கள், பேட்டரிக்கு இரண்டு வயது ஆகியிருந்தால் 12.4. "12.4 வைத்தால் நள்ளிரவிலேயே கேமரா அணைந்துவிடுகிறது" என்று சிலர் குறை சொல்வார்கள். கிட் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று அதற்குப் பொருள்.

பிறகு எப்படித்தான் விடியும்வரை ஓட வைப்பது? உங்களுக்கு 24 மணி நேரமும் தேவையா என்று யோசியுங்கள். இடித்தது எங்கே? வீட்டு வளாகத்தில். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளின் நிறுத்துமிடங்களில் பெரும்பாலும் காவலாளியும் கண்காணிப்புக் கேமராவும் உண்டு. உங்களுடையதிலும் இருந்தால், பகலில் உங்கள் கேமரா ஓட வேண்டியதில்லை. மஞ்சள் வயரில் ஒரு சிறு சுவிட்ச் வைக்கச் சொல்லி, வேலையிடத்தில் இறங்கும்போது அணைத்துவிடுங்கள். இரவுக்கு, கிட்டிலோ கேமராவிலோ உள்ள டைமரை 12 மணி நேரம் வையுங்கள். செலவு கேமராவுக்கு 4, காருக்கு முக்கால். வரவும் 4. சின்னப் பற்றாக்குறைதான், வார இறுதியில் பாலம் தாண்டிச் சுங்கை பட்டாணி வரை ஒருமுறை போய் வந்தால் அது நேராகிவிடும். எங்கும் போகப்போவதில்லை என்றால் அந்த இரண்டு இரவும் கேமராவை அணைத்துவிடுங்கள், அல்லது 12.2இல் துண்டிக்கும் என்று நிம்மதியாக இருங்கள்.

கேமரா எந்த முறையில் காவல் காக்கிறது என்பதிலும் பேட்டரியின் தலையெழுத்து இருக்கிறது. நொடிக்கு ஒரு படம் எடுக்கும் டைம்லாப்ஸ் முறை மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று பலர் நம்புகிறார்கள். அது மிச்சப்படுத்துவது மெமரி கார்டை. லென்ஸுக்குப் பின்னால் உள்ள சென்சாரும் செயலியும் விழித்தே இருப்பதால் மின்செலவு பெரிதாகக் குறையாது. அதிர்வு வந்தால் மட்டும் எழும் முறையில் செலவு மிகமிகக் குறைவு, நாட்கணக்கில் தாங்கும். ஆனால் தூக்கத்திலிருந்து எழுந்து பதியத் தொடங்க அதற்குச் சில நொடிகள் ஆகும். இடித்த கார் வந்த விதம் பதியாது. பின்னால் எடுத்துக்கொண்டு கிளம்பும் காட்சிதான் கிடைக்கும். எண் தட்டு தெரிந்தால் போதும் என்பவருக்கு அதுவே போதுமானது. ரேடார் உள்ள கேமரா, ஆள் அல்லது வண்டி அருகே வரும்போதே எழுந்துவிடும். விலை கூடினாலும் உங்களைப் போல் குறைந்த தூரம் ஓட்டுபவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான். இருப்பதையே வைத்துக்கொள்வதானால் அதிர்வு முறைக்கு மாற்றுங்கள்.

நாள் முழுவதும் பதிந்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு டாஷ்கேமுக்கென்றே செய்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிப் பெட்டிகள் இருக்கின்றன. கார் ஓடும்போது வேகமாக நிரம்பிக்கொண்டு, நின்றபின் கார் பேட்டரியைத் தொடாமல் கேமராவை ஓட்டும். வெயில் படாத இருக்கையின் அடியில் வைக்க வேண்டும். விலை சற்று அதிகம்; உங்களுக்கு இப்போது தேவையில்லை.

கேமராவைக் குற்றம் சொல்லும் முன் மற்ற உபகரணங்களையும் ஒருமுறை பாருங்கள். கார் வாங்கியபின் பொருத்திய ஆண்ட்ராய்டு பிளேயர், சாவியை எடுத்தபின்னும் உறங்காமல் இழுத்துக்கொண்டிருக்கலாம். திருட்டுத் தடுப்பு ஜிபிஎஸ் கருவியும் அப்படியே. காரைப் பூட்டி அரை மணி விட்டபின், பேட்டரியின் எதிர்மின் (−) முனை வயரில் மீட்டர் வைத்து அளந்தால் 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அளக்கும்போது கேமராவைக் கழற்றிவிடுங்கள். டோல் கட்டும் ஸ்மார்ட்டேக் கருவிக்குத் தனி பேட்டரி இருப்பதால் அதன்மேல் பழி இல்லை. மின்சாரக் கார் வைத்திருக்கும் நண்பர்கள் யாரேனும் இந்த வோல்ட் கணக்கைக் கேட்டால் கவனம்: சில மின்சாரக் கார்களின் 12 வோல்ட் பேட்டரியும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. அது காலியாகும் தறுவாய் வரை 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும் என்பதால் மேலே சொன்ன அளவுகள் அதற்குப் பொருந்தா.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், மலேசிய இன்சூரன்ஸ் முறையில் இடித்த வண்டியின் எண் தட்டுக்குப் பண மதிப்பு உண்டு. இடித்தவர் யாரென்று தெரியாமல் உங்கள் பாலிசியிலேயே இழப்பீடு கேட்டால், இழப்பீடு கேட்காமல் ஆண்டாண்டாகச் சேர்த்த பிரீமியத் தள்ளுபடி (என்சிடி) போய்விடும். தனியார் காருக்கு அது 55 விழுக்காடு வரை போகும். எதிராளியின் வண்டி எண் தெரிந்து, தவறு அவர்மீது என்று போலீஸ் விசாரணையில் உறுதியானால், முழுக் காப்புறுதி வைத்திருப்பவர் தன் நிறுவனத்திடமே கோரலாம். தள்ளுபடிக்குச் சேதம் இல்லை. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்ய வேண்டும். காலையில் காரில் புதுக் கீறல் தெரிந்தால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் மெமரி கார்டைக் கழற்றிவிடுங்கள். கேமரா ஓட ஓடப் பழைய பதிவின்மேல் புதியது ஏறும். அழியாதபடி கேமரா பூட்டி வைக்காத பதிவாக இருந்தால், அந்த இடி அழிந்துபோய்விடும்.