குழாய் இடம் கொடுக்கவில்லை

கேள்வி: எனக்கு வயது 34. வலது சிறுநீரகத்தில் 11 மி.மீ. கல். லேசரில் உடைத்துவிடலாம் என்று சொல்லி மயக்க ஊசி போட்டார்கள். கண் விழித்ததும், "குழாய் ரொம்ப டைட்டா இருக்கு, டிஜே ஸ்டென்ட் மட்டும் வச்சிருக்கோம், ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்கிறார்கள். ஸ்டென்ட் என்றால் சிறுநீர்க் குழாய்க்குள் வைக்கும் மெல்லிய குழாயாம். இரண்டு தடவை பில் போடத்தான் இந்த ஏற்பாடா, டாக்டர்?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: பில்லுக்கு நான் ஜவாப்தாரி இல்லை. ஆனால் கருவி ஏறவில்லை என்றதும் பாதியில் நிறுத்தினாரே, அதற்காக அந்த டாக்டரைக் கோபிக்காதீர்கள்.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய் சுமார் 25 செ.மீ. நீளம், 3, 4 மி.மீ. பருமன். சும்மா இருக்கும்போது உள்ளே ஓட்டை என்று ஒன்று கிடையாது. உள்தோல் மடிந்து மடிந்து, குறுக்கே வெட்டிப் பார்த்தால் நட்சத்திரம் மாதிரி தெரியும். லேசர் கருவிக்கு வழிவிட அதற்குள் ஏற்றும் உறையின் வெளிப்பருமனோ பல நேரம் 14 பிரெஞ்சு (மருத்துவக் குழாய்களின் பருமனைச் சொல்லும் அளவு), அதாவது கிட்டத்தட்ட 4.7 மி.மீ. பிரச்சினை விளங்குகிறதா?

நான் பிஜி படித்த காலத்தில் எங்கள் பேராசிரியர் கறிக்கடையிலிருந்து பன்றியின் சிறுநீரகத்தைக் குழாயோடு வாங்கிவரச் சொன்னார். குழாயை மட்டும் வெட்டியெடுத்து, ஒரு முனையை ஸ்டாண்டில் கட்டி, மறுமுனையைக் கையில் கொடுத்து "இழு" என்றார். முதலில் ரப்பர் போல வந்தது. சட்டென்று நின்றது, அதற்குமேல் இழுத்தால் சணல் கயிற்றை இழுப்பது போலத்தான். காரணம் சுவருக்குள் இருக்கும் கொலாஜன் என்ற புரத நார்கள். தசைக் கற்றைகளுக்கு நடுவிலும் வெளியுறையிலும் அவை நெளிநெளியாகக் கிடக்கின்றன. நெளிவு நிமிரும் வரைக்கும் சுவர் தாராளமாக இடம் கொடுக்கும். நிமிர்ந்து முடிந்ததும் கிணற்றுக் கயிறு விறைப்பது போல விறைத்துவிடும்.

பிறகு கையை எடுக்கச் சொல்லி, ஒரு சின்ன எடைக்கல்லைத் தொங்கவிட்டு, அது நின்ற இடத்தில் மையால் கோடு போட்டார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் எடைக்கல் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. யாரும் தொடவில்லை! அதே எடைக்கு நேரம் ஆக ஆகச் சுவர் நெகிழ்ந்துகொண்டே போகிறது. 1971-லேயே யின், ஃபங் என்ற இருவர் விலங்குகளின் சிறுநீர்க் குழாயை இழுத்து அளந்து, இழுத்த நீளத்திலேயே பிடித்து வைத்தால் உள்ளே இருக்கும் இழுவிசை தணிந்துகொண்டே போவதைக் காட்டியிருக்கிறார்கள்.

உங்கள் உடம்புக்குள் ஸ்டென்ட் செய்கிற வேலையும் ஏறக்குறைய இதுதான். அது உள்ளே கிடந்தால் தசையின் துடிப்பு அடங்கும், ஓரிரு வாரத்தில் குழாய் தானாக விரிந்து தளரும். அடுத்த முறை உறை பெரும்பாலும் சிரமமில்லாமல் ஏறிவிடும். அன்றே பலவந்தமாக ஏற்றியிருந்தால் சுவர் கிழிந்திருக்கலாம். கிழிந்த இடம் ஆறும்போது புதுக் கொலாஜன் தாறுமாறாகப் படிந்து, தழும்பாகி, குழாயே சுருங்கிப்போவதும் உண்டு. அந்தச் சுருக்கத்தைச் சரிசெய்யும் ஆபரேஷனோடு ஒப்பிட்டால் உங்கள் இரண்டாவது பில் சில்லறை.

அடிக்கடி முட்டிக்கொண்டு வருவது, சிறுநீர் கழிக்கையில் விலாவில் சுரீர் என்பது, லேசாக ரத்தம் கலப்பது எல்லாம் ஸ்டென்ட்டின் சேஷ்டைகள். மாத்திரை உண்டு, உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். குளிர் காய்ச்சல் வந்தால் மட்டும் தேதிக்குக் காத்திராமல் அன்றே ஓடுங்கள். வலி குறைந்துவிட்டதே என்று ஸ்டென்ட்டை மறந்தும் விடாதீர்கள். மாதக்கணக்கில் விட்டால் அதன்மேலேயே கல் படியும்.

கேள்வி: கொலாஜன் பவுடர் குடித்தால் சிறுநீர்க் குழாய் பலப்படுமா? எனக்கு இரண்டு முறை கல் வந்திருக்கிறது.
— வாசகி, நாகர்கோவில்

பதில்: வயிற்றுக்குப் போனதும் அது வெறும் புரதம், செரித்து உடைந்துவிடும், நேரே குழாய்ச் சுவருக்குப் போய் ஒட்டிக்கொள்ளாது. போதாததற்கு, கொலாஜனில் நிறைய இருக்கும் ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு பகுதியை உடம்பு ஆக்ஸலேட்டாக மாற்றுகிறது. கல்லில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்ஸலேட்தான். டப்பாவை முகப்பொலிவு விரும்பும் வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு, நீங்கள் தண்ணீர் குடியுங்கள் அம்மா.