என் தம்பியை மாற்ற நினைக்காத கவுன்சலர் கிடைப்பாரா?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர். தம்பிக்கு 24 வயது. கோயில் பிரிவு, ஜாதகம் எல்லாம் பார்த்துப் பெண் பேசும் நேரத்தில், தனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டான். மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டினால் மாற்றிவிடுவார் என்கிறார் அப்பச்சி (அப்பா). கல்யாணம் ஆனால் சரியாகும் என்கிறார் ஆத்தா (அம்மா). அவன் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை. காரைக்குடியில் எந்த கிளினிக் வாசலில் நின்றாலும் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோம். என்ன செய்வது?

பதில்: முதலில் மதுரைப் பயணத்தை நிறுத்துங்கள். தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே நீக்கிவிட்டது. மாத்திரை, ஷாக், மனவசியம் எதனாலும் ஈர்ப்பு மாறுவதில்லை. குற்ற உணர்வும் மனச்சோர்வும்தான் கூடும். இந்த 'மாற்றும் சிகிச்சை'யைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தடை செய்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அதைத் தொழில் ஒழுங்கு மீறல் என்று அறிவித்தது. செய்கிற டாக்டர் மீது மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். அப்பச்சியிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

எனக்குக் கவலை தருவது தம்பியுடைய தூக்கமும் பசியும்தான். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே நீடித்தால் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு மருந்துகூடத் தேவைப்படலாம். அந்த மருந்து சோர்வுக்கு மட்டும்தான், ஈர்ப்புக்கு அல்ல.

கவுன்சலிங்குக்கு ஊர்விட்டு ஊர் போக வேண்டியதில்லை. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். தொடர்ந்து பேச ஒருவர் வேண்டுமென்றால், சென்னையிலிருந்து இயங்கும் 'ஓரினம்' குழு பால்புதுமையினருக்கு (தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோருக்கு) ஆதரவான மனநல நிபுணர்களின் பட்டியல் வைத்திருக்கிறது. பெயர் கிடைத்ததும், நேரம் வாங்கும் முன் போனில் நேராகக் கேளுங்கள்: "தன்பாலீர்ப்பு மாறும் என்று நினைக்கிறீர்களா?" "முயன்று பார்க்கலாம்" என்று பதில் வந்தால் அவர் வேண்டாம், எத்தனை பட்டம் வாங்கியிருந்தாலும் சரி. கவுன்சலர் என்று பலகை மாட்டுவது எளிது. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு உண்டா என்றும் விசாரியுங்கள்.

வீடியோவில் பேசும்போது இடம் முக்கியம். வளவில் (உள்முற்றத்தில்) பேசினால் முகப்பு வரை கேட்கிற வீடுகள் நம்முடையவை. ஹெட்போன் போட்டு மாடியில் பேசட்டும், இல்லையென்றால் நிறுத்திய காருக்குள் பேசட்டும். அவர் சொல்வதை ரகசியமாகக் காக்கும் கடமை மனநல மருத்துவருக்கு 2017 மனநலச் சட்டப்படி உண்டு. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டுமே விலக்கு. நீங்களும் அவர் சம்மதமில்லாமல் உறவில் யாரிடமும் வாய் திறக்காதீர்கள்.

பெண் பேசுவதைத் தயவுசெய்து நிறுத்தி வையுங்கள். எதுவும் தெரியாமல் வந்து மணையில் உட்காரப்போகும் அந்தப் பெண்ணும் ஒரு வீட்டின் செல்லமகள். கல்யாணம் எதற்கும் சிகிச்சை ஆகாது.

அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் தனியாக ஓரிரு முறை கவுன்சலிங் வேண்டும். கௌரவக் குறைச்சல் என்று தயங்கினால், அந்த 2021 உத்தரவைப் பிறப்பித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷே, இந்த விஷயம் தனக்குப் புரியவேண்டும் என்று ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்ட பிறகுதான் தீர்ப்பு எழுதினார் என்று சொல்லுங்கள். அதை அவரே பதிவு செய்திருக்கிறார்.

சாவைப் பற்றித் தம்பி ஒரு வார்த்தை சொன்னாலும் தனியே விடாதீர்கள். 108-ஐ அழைத்து, நடு இரவானாலும் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அங்கே காரணத்தை விளக்க வேண்டியதில்லை. உயிருக்கு ஆபத்து என்று மட்டும் சொன்னால் போதும்.