கார் ஆடியோவும் வீட்டு ஆம்ப்பும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

டிக்கியில் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வைப்பவர்களும் வீட்டு மேஜையில் போர்டு கட்டுபவர்களும் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படுபவற்றை எடுத்திருக்கிறேன். ஸ்பீக்கரை மாற்றலாமா, ஆம்ப்பை மாற்றலாமா என்று கேட்பவர்கள்தான் அதிகம். என் அனுபவத்தில் கோளாறு பெரும்பாலும் கரண்ட் வருகிற வழியிலும் திரும்பிப் போகிற வழியிலும்தான் இருக்கிறது. அதனால் ஒரு மல்டிமீட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அண்ணா, ஆம்ப் வெச்சதுல இருந்து இன்ஜின் ஓடும்போது ஸ்பீக்கர்ல "ஙொய்ங்"னு ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா அதுவும் ஏறுது. கடையில நாய்ஸ் ஃபில்டர் போடச் சொல்றாங்க. போடவா?

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. இது ஆல்டர்னேட்டர் சத்தம். ஆல்டர்னேட்டர் உண்டாக்குவது ஏசி. உள்ளே இருக்கும் டயோடுகள் அதை டிசி ஆக்குகின்றன. ஆனாலும் அதன்மேல் ஒரு சின்ன அலை மிச்சம் இருக்கும். சாதாரணமாக அது காதுக்கு வராது. உங்கள் ஸ்டீரியோ டேஷ்போர்டில் ஓரிடத்தில் எர்த் ஆகியிருக்கிறது, ஆம்ப் டிக்கியில் வேறோரிடத்தில். இரண்டு இடத்துக்கும் நடுவே பாடியில் கொஞ்சம் வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும். ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டு சிக்னலைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளின் வெளிச்சுற்று இரண்டையும் இணைப்பதால், அந்த வித்தியாசம் அது வழியாகவே ஓடுகிறது. ஆம்ப் அதையும் பாட்டு என்று நினைத்துப் பெரிதாக்கிக் கொடுக்கிறது.

எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டீரியோவையும் ஆம்ப்பையும் அணைத்துவிட்டு ஆர்சிஏ பின்களைக் கழற்றுங்கள். மறுபடி இரண்டையும் போட்டதும் சத்தம் அப்படியே இருந்தால் ஆம்ப்பின் எர்த்தோ பவர் லைனோதான் காரணம். சத்தம் நின்றுவிட்டால், சார்ஜரில் போடாத ஒரு போனை நேராக ஆம்ப்பில் இணைத்துப் பாட்டு ஓட்டுங்கள். போன் காரின் பாடியோடு எங்கும் சேரவில்லை. அதனால் சுத்தமாகக் கேட்டால் ஆம்ப் பக்கம் சரி, ஸ்டீரியோ பக்கம்தான் பார்க்க வேண்டும்.

அங்கே முதலில் ஒன்றைச் சோதியுங்கள். ஸ்டீரியோவை அணைத்து, பின்னால் உள்ள ஆர்சிஏ சாக்கெட்டின் வெளி வளையத்துக்கும் ஸ்டீரியோவின் இரும்புக் கூட்டுக்கும் இடையே கன்டினியூட்டி (மின்தொடர்பு) பாருங்கள். மல்டிமீட்டர் "பீப்" அடிக்கவில்லை என்றால், சில செட்களில் உள்ளே இருக்கும் மெல்லிய ஃப்யூஸ் போயிருக்கலாம். செட் ஓடும்போதே ஆர்சிஏ பின்னைப் பிடுங்கிச் செருகினால் இது நடக்கும். ஸ்டீரியோவுக்குத் தனியாக ஒரு நல்ல எர்த் ஒயர் கொடுப்பதும் பல நேரம் போதும்.

ஆம்ப் எர்த்துக்கு, பெயின்டைச் சுரண்டிப் பளபளக்கும் இரும்பு தெரிய வேண்டும். அதில் ரிங் லக் வைத்து போல்ட் போட்டு இறுக்கி, மேலே கிரீஸோ பெயின்டோ தடவுங்கள், துருப் பிடிக்காது. சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவே கூடாது. அது உயிரைக் காக்கும் போல்ட். முடித்ததும் பேஸ் அதிகமாக உள்ள பாட்டை ஓட்டி, பேட்டரி நெகடிவ்வுக்கும் ஆம்ப்பின் எர்த் டெர்மினலுக்கும் இடையே டிசி வோல்டேஜ் பாருங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் இன்னும் சரியில்லை. பவர் ஒயர் காரின் ஒரு ஓரமாகவும் ஆர்சிஏ மறு ஓரமாகவும் போகட்டும். பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃப்யூஸ் கட்டாயம்.

சார், ஸ்டீரியோ முகப்புல 50 வாட்ஸ் x 4னு போட்டிருக்கு. தனியா ஆம்ப் எதுக்கு?

அந்த 50 எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டால் புரிந்துவிடும். இன்ஜின் ஓடும்போது காரில் இருப்பது சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். 14.4 ஐ 14.4 ஆல் பெருக்கி 4 ஆல் வகுத்தால் 51.8. அதாவது முழு வோல்டேஜும் எந்நேரமும் ஸ்பீக்கரில் சதுர அலையாக விழுந்தால்தான் அந்த வாட்ஸ். சதுர அலை பாட்டு அல்ல, கிழிந்த சத்தம். சுத்தமான சைன் அலை என்றால் அதில் பாதி, 26. உள்ளே ஐசியில் போகும் நஷ்டத்தையும் கழித்தால் ஒரு சேனலுக்கு 20 வாட்ஸ் பக்கம்தான் மிஞ்சும். டோர் ஸ்பீக்கருக்கு அது தாராளம். சப்வூஃபருக்குப் போதாது. தனி ஆம்ப்பின் உள்ளே ஒரு இன்வெர்ட்டர் பகுதி 12 வோல்ட்டை மேலே ஏற்றிக் கொடுக்கிறது. அதனால்தான் அதற்கு வலு.

இதே கணக்கை ஆம்ப் வாங்கும்போதும் போடுங்கள். டப்பாவில் 2000 வாட்ஸ் என்று இருக்கும், பின்னால் ஃப்யூஸ் 30 ஆம்ப்ஸ் இருக்கும். 30 ஐ 13.8 ஆல் பெருக்கினால் 414. உள்ளே போவதே அவ்வளவுதான். ஏபி கிளாஸ் ஆம்ப் என்றால் வெளியே வருவது ஏறக்குறைய அதில் பாதி.

4440 ஐசி போட்ட ஆம்ப் போர்டு, 12-0-12 டிரான்ஸ்பார்மர் 5 ஆம்ப்ஸ். கொஞ்ச நேரம் நல்லா பாடுது, அப்புறம் ஐசி கொதிச்சுப் போயிடுது. திரும்பத் திரும்ப ஐசி மாத்துறேன் அண்ணா.

ஐசியை மாற்றுவதை நிறுத்துங்கள், டிரான்ஸ்பார்மரைப் பாருங்கள். டிரான்ஸ்பார்மரில் எழுதியிருக்கும் 12 என்பது ஏசி. டயோடும் கண்டன்சரும் போட்ட பிறகு அது 1.414 மடங்காகும். நடு ஒயரை எர்த் ஆக்கி இரண்டு டயோடு போட்டிருந்தால் 12 x 1.414 = 17, டயோடுக்கு 0.7 போக 16.3 வோல்ட். இதுவும் முழு லோடில் இருக்கும்போதுதான். சத்தம் குறைவாக வைத்திருக்கும்போதும், ராத்திரியில் லைன் 230க்கு மேல் ஏறும்போதும் 18ஐத் தொடும். 4440 காருக்காகச் செய்த ஐசி. அது எதிர்பார்ப்பது 13.2 வோல்ட், ஓடும்போது அதன் எல்லையே 18 தான். நீங்கள் அதை எந்நேரமும் விளிம்பில் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். தப்பித் தவறி இரண்டு முனை 12க்கும் குறுக்கே நாலு டயோடு பிரிட்ஜ் போட்டால் 33 வோல்ட் வரும். அப்போது சூடாகக்கூட நேரமிருக்காது.

9-0-9 டிரான்ஸ்பார்மர் வாங்குங்கள். அதே கணக்கில் 12 வோல்ட் வரும். இல்லாவிட்டால் எல்இடி ஸ்ட்ரிப்புக்கு விற்கும் 12 வோல்ட் 5 ஆம்ப்ஸ் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை போதும், டிரான்ஸ்பார்மர் இரைச்சலும் இருக்காது. ஐசியின் முதுகுத் தகடுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே பேஸ்ட் தடவி ஸ்க்ரூவை நன்றாக முடுக்குங்கள். உள்ளங்கை அகலமாவது இருக்கும், விசிறி மடிப்பு வைத்த அலுமினியம் வேண்டும். தகரத் துண்டு உதவாது. ஐசியின் இரண்டு சேனலையும் சேர்த்து ஒரே ஸ்பீக்கருக்குப் பிரிட்ஜாக ஓட்டினால் 4 ஓமுக்குக் கீழே ஸ்பீக்கர் போடாதீர்கள். இந்த எளிய ஐசி ஒழுங்காகக் கட்டினால் ஒரு சின்ன அறைக்கு மிக இனிமையாகப் பாடும். அதை மட்டமாக நினைக்காதீர்கள்.

ஆம்ப்ல கெயின் எவ்வளவு வெக்கணும்? ஃபுல்லா வெச்சா நல்லா அடிக்குதே.

கெயின் வால்யூம் இல்லை. ஸ்டீரியோ கொடுக்கும் சிக்னலுக்கு ஆம்ப்பைப் பொருத்தும் இடம் அது. ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றுங்கள், பேஸ் பூஸ்ட்டையும் ஈக்வலைசரையும் பூஜ்யத்தில் வையுங்கள். 50 ஹெர்ட்ஸ் டோன் ஃபைல் ஒன்றை ஓட்டி, ஸ்டீரியோ வால்யூமை முக்கால் பங்குக்கு ஏற்றுங்கள். இப்போது ஆம்ப் அவுட்புட்டில் ஏசி வோல்டேஜ் பார்த்தபடி கெயினைத் திருப்புங்கள். 75 வாட்ஸ் ஆம்ப், 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 75 x 4 = 300, அதன் வர்க்கமூலம் 17.3. மீட்டர் 17 காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். டோர் ஸ்பீக்கர் சேனலுக்கும் தாழ்ந்த ஒலியை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டரை அணைத்துவிட்டு இதே தாழ்ந்த டோனையே பயன்படுத்துங்கள். விலை குறைந்த மீட்டர்கள் 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் ஏசியைச் சரியாக அளக்கும்.

பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குது. 1 ஃபாரட் கண்டன்சர் போட்டா சரியாகுமா?

பார்க்க அழகாக இருக்கும். 50 ஆம்ப்ஸ் இழுத்தால் 1 ஃபாரட் கண்டன்சர் 0.02 விநாடியில் ஒரு வோல்ட் இறங்கிவிடும். ஒரு பேஸ் அடி அதைவிட நீளம். அந்தக் காசில் நல்ல ஒயர் வாங்குங்கள். 4 சதுர மி.மீ. செம்பு ஒயர் 5 மீட்டர் போட்டு 40 ஆம்ப்ஸ் இழுத்தால் ஒயரிலேயே 0.86 வோல்ட் போய்விடும். 21 சதுர மி.மீ. போட்டால் 0.16 தான். செம்பு பூசிய அலுமினிய ஒயரும் விற்கிறார்கள். கத்தியால் ஒரு இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். அது வேண்டாம். பேட்டரியிலிருந்து பாடிக்கும், இன்ஜினிலிருந்து பாடிக்கும் போகும் எர்த் ஒயர்களையும் தடிமனாக மாற்றுங்கள்.

ப்ளூடூத் போர்டு போட்ட பிறகு வீட்டு ஆம்ப்ல "கிர்ர், டிக் டிக்"னு கேட்டுக்கிட்டே இருக்கு அண்ணா. நான் இன்ஜினியரிங் மூணாம் வருஷம். ப்ராஜெக்ட்டுக்குக் கொடுக்கணும்.

உங்கள் ப்ளூடூத் போர்டும் ஆம்ப்பும் ஒரே சப்ளையில் இருக்கின்றன, இல்லையாம்மா? ப்ளூடூத் சிப் விட்டு விட்டுக் கரண்ட் இழுக்கும். அந்தக் கரண்ட் திரும்பிப் போகும் எர்த்தும் ஆடியோ எர்த்தும் ஒன்றாக இருப்பதால் ஆம்ப்புக்கு அது கேட்டுவிடுகிறது. பி0505எஸ் என்று ஒரு சின்னக் கறுப்பு மாட்யூல் இருக்கிறது. உள்ளே 5 வோல்ட், வெளியே 5 வோல்ட், நடுவே எர்த் தொடர்பே கிடையாது. 1 வாட், அதாவது 200 மில்லி ஆம்ப்ஸ் தரும்; சின்ன ப்ளூடூத் போர்டுக்கு அது போதும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் கிடைக்கும். அதன் வழியாக ப்ளூடூத்துக்குப் பவர் கொடுங்கள். எர்த் இப்போது ஆடியோ ஒயர் வழியாக மட்டுமே சேரும், சத்தம் போய்விடும். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் மாட்யூல் போடுவதற்கு முன்னும் பின்னும் ஆஸிலோஸ்கோப் படம் எடுத்து வையுங்கள். காரணத்தோடு காட்டினால் கேட்பவர்கள் மதிப்பார்கள்.

ரெண்டு நாள் வண்டி எடுக்கலேன்னா ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. ரிமோட் ஒயரை நேரா பேட்டரி லைன்ல கொடுத்திருக்கேன்.

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். ரிமோட் ஒயர்தான் ஆம்ப்பை எழுப்புவது; அதில் எப்போதும் கரண்ட் இருப்பதால் ஆம்ப் இரவு பகலாக விழித்திருக்கிறது. சும்மா இருக்கும்போதே அரை ஆம்ப்ஸ் இழுத்தாலும் 35 ஏஎச் பேட்டரி 70 மணி நேரத்தில் முழுக்கக் காலி. ஸ்டார்ட் ஆகாத நிலை அதற்கு வெகு முன்பே வந்துவிடும். ஸ்டீரியோவிலிருந்து வரும், வெள்ளைக் கோடு போட்ட நீல ஒயரில் ரிமோட்டைக் கொடுங்கள். பிறகு நெகடிவ்வைக் கழற்றி, 10 ஆம்ப்ஸ் ரேஞ்சில் மீட்டரைத் தொடராக வைத்துச் சில நிமிடம் கழித்துப் பாருங்கள். 50 மில்லி ஆம்ப்ஸுக்குக் கீழே இருந்தால் சரி. மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியைத் திருப்பிவிடாதீர்கள்.

பழைய மைக்ரோவேவ் அவனோட டிரான்ஸ்பார்மர் ஓசியில கிடைச்சது. பெரிய ஆம்ப் கட்டலாமா?

வேண்டாம். அது 2000 வோல்ட் அளவில், ஆளைக் கொல்லும் கரண்ட்டோடு வருவது. பக்கத்தில் இருக்கும் கண்டன்சர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜை வைத்திருக்கும். தெரிந்தவர்களிடமும் கொடுக்காமல் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.

12 இன்ச் சப் வாங்கிட்டேன், டூயல் காயில் 2+2 ஓம். ஆம்ப் பிரிட்ஜ்ல 4 ஓம்னு இருக்கு. பாக்ஸ் எப்படி அடிக்கிறது?

காயில்களைத் தொடராகப் போடுங்கள், 4 ஓம் கிடைக்கும். இணையாகப் போட்டால் 1 ஓம் ஆகி ஆம்ப் போய்விடும்.

முதல் பாக்ஸ் என்றால் மூடிய பாக்ஸே அடியுங்கள். போர்ட் (காற்றுக் குழாய்) வைத்ததில் குழாய் நீளக் கணக்கு கொஞ்சம் தப்பினாலும் பேஸ் உளறும். மூடிய பாக்ஸில் தாழ்ந்த ஒலி மெல்லக் குறையும். மூடிய காருக்குள் கேபினே அதைத் தூக்கிக் கொடுத்துவிடும். சப்போடு வந்த தாளில் உள்ள அளவுதான் முதல் அளவு. தாள் இல்லாவிட்டால் உள்ளளவு 40 x 35 x 22 செ.மீ. வையுங்கள். சுமார் 31 லிட்டர். காந்தம் அடைக்கும் இடம் போக ஒரு கன அடி நிற்கும். 18 மி.மீ. பலகை. எம்டிஎஃப் நன்றாக வேலை செய்யும், ஆனால் கடற்கரை ஊர்களில் டிக்கி ஈரத்தில் உப்பிவிடும். அங்கே ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் ப்ளைவுட் வாங்குங்கள். மூலைகளை உள்ளே சிலிகான் போட்டு அடைத்து, கோனை விரலால் மெல்ல அழுத்திவிட்டுப் பாருங்கள். மெதுவாகத் திரும்பி வந்தால் காற்று கசியவில்லை.

ட்வீட்டரோட 2.2 மைக்ரோ கண்டன்சர் வந்துச்சு. குரல்ல தெளிவே இல்லையே?

4 ஓம் ட்வீட்டரில் 2.2 மைக்ரோஃபாரட் போட்டால் அது 18,000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் முழுதாகப் பாட ஆரம்பிக்கும். மனிதக் குரலின் தெளிவு அதற்கு வெகு கீழே, 2000 முதல் 5000 வரை இருக்கிறது. 10 மைக்ரோ போட்டால் 4000 ஹெர்ட்ஸில் தொடங்கும். பட்டாணி அளவு சின்ன ட்வீட்டர் என்றால் 10 தாங்காது, 4.7 வரை போகலாம். பிளஸ் மைனஸ் இல்லாத என்பி வகையாக, 50 வோல்ட்டோ அதற்கு மேலோ கேட்டு வாங்குங்கள்.