அறுபதைத் தாண்டியவர்களின் கல்லீரலுக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை தேவையா?

அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு, ஸ்கேனில் ஃபேட்டி லிவர், ஆன்டிஆக்ஸிடன்ட் (செல்களைக் கெடுக்கும் வேதிப்பொருட்களை அடக்கும் பொருள்) மாத்திரை வாங்கித் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு வாங்காதீர்கள். நான் மருத்துவன் இல்லை, ஓய்வுபெற்ற உயிரியல் வாத்தியார். ஆனால் அந்த மாத்திரையை விழுங்கிப் பட்டவன்.

மூன்று வருஷத்துக்கு முன் எனக்கும் அதே ஃபேட்டி லிவர்தான். "நடங்க, எடையைக் குறைங்க" என்றார் டாக்டர். மாத்திரை எழுதித் தராத டாக்டர் என்ன டாக்டர் என்று நினைத்து, ஆன்டிஆக்ஸிடன்ட் என்று ஆன்லைனில் விற்ற, மஞ்சள் சத்தும் மிளகுச் சத்தும் சேர்ந்த மாத்திரையை வரவழைத்தேன். அடுப்படி மஞ்சள்தானே, என்ன செய்துவிடும்? நாலாவது மாதம் சோற்றைக் கண்டாலே குமட்டல், சிறுநீர் அடர்மஞ்சள். ஈரல் கெட்டால் ரத்தத்தில் ஏறும் எஸ்ஜிபிடி என்ற நொதி 412, இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு! மஞ்சள் காமாலைக் கிருமி எதுவும் இல்லை. "வேற என்ன சாப்பிடறீங்க?" என்று டாக்டர் மூன்றாம் முறை கேட்டபோதுதான் டப்பாவைப் பற்றி வாய் திறந்தேன். நிறுத்தி இரண்டரை மாதத்தில் எல்லாம் இறங்கிவிட்டது.

குழம்பு மஞ்சளில் அதன் சத்தான குர்குமின் சொற்பம், அதிலும் பெரும்பகுதி உடம்பில் சேராமலே போய்விடும். மாத்திரையில் அது செறிவாக இருக்கிறது, கூடவே மிளகின் பைப்பரின் அதைப் பல மடங்கு ரத்தத்தில் ஏற்றிவிடுகிறது. அமெரிக்காவிலும் இத்தாலியிலும் இப்படிக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். எல்லோருக்கும் வராது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது.

இத்தனைக்கும் நான் வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் செய்து காட்டிய சோதனை ஒன்று உண்டு. பச்சை ஆட்டீரல் துண்டின் மேல் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினால் நுரை புஸ்ஸென்று பொங்கும். அணையப் போகிற ஊதுபத்தியை அதனருகே நீட்டினால் கனல் பிரகாசிக்கும், வருவது ஆக்ஸிஜன். செல்லைக் கெடுக்கும் அந்தப் பெராக்சைடை உடைப்பது ஈரலிலுள்ள கேட்டலேஸ் என்ற நொதி. ஆக, ஆன்டிஆக்ஸிடன்ட் தயாரிக்கும் பட்டறையே அந்த உறுப்புக்குள்தான் இருக்கிறது. குளுட்டாதயோன் என்ற இன்னொரு ஆன்டிஆக்ஸிடன்ட்டும் அங்கேதான் பெருமளவில் உருவாகிறது. பாராசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கினால் ஈரல் கருகுவது அந்தக் கையிருப்பு தீர்ந்துபோவதால்தான். வயதாக ஆக ஈரல் சுருங்கும், ரத்த ஓட்டம் குறையும், பட்டறை மெதுவாக ஓடும். அப்போது மேலும் ஒரு சரக்கை அதன் தலையில் ஏற்றுவதா?

வைட்டமின் ஈ மட்டும் கொஞ்சம் வேறு கதை. 2010-இல் வெளியான ஆய்வில், கொழுப்போடு அழற்சியும் இருந்தவர்களுக்குத் தினம் 800 யூனிட் வீதம் 96 வாரம் கொடுத்தார்கள். 43 சதவீதம் பேருக்கு ஈரல் தேறியது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 19 சதவீதம். ஆனால் ஈரலில் விழுந்த தழும்பு குறைந்ததாக உறுதியாகவில்லை. சர்க்கரை உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை, ஆகவே உங்கள் அம்மாவுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. என்னைப் போன்ற ஆண்களுக்கு வேறு பயம்: 400 யூனிட் வைத்து நடந்த இன்னொரு பெரிய ஆய்வில் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது.

அம்மாவின் டாக்டரிடம், ஈரலின் தழும்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள். தழும்பு எந்த அளவு என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு பேச முடியும். சர்க்கரை கட்டுக்குள் இருக்கட்டும். உடல் பருமனாக இருந்தால் எடையில் நூற்றுக்கு ஏழு பங்காவது குறையட்டும். நான் ஆறு கிலோ குறைத்தேன், சாயங்காலம் சர்க்கரை போடாத கடுங்காப்பி. பக்கத்து வீட்டில் யாராவது கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்து நிற்பார்கள், அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.