'முடிந்த அளவு' என்பது இலக்கு இல்லை

கேள்வி: நல்ல வேலையை விட்டுவிட்டுத் தனியாக இணையதளங்கள் வடிவமைத்துக் கொடுக்கிறேன். ஆரம்பத்தில் ராப்பகலாக உழைத்தேன். இப்போது மடிக்கணினியைத் திறந்தாலே சலிப்பு. 'இந்த ஆண்டு முடிந்த அளவு புது வாடிக்கையாளர்களைப் பிடிக்க வேண்டும்' என்று எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பழைய உற்சாகத்தை எப்படித் திரும்பக் கொண்டுவருவது?

பதில்: முதலில் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள். ஒருவர் வந்தாலும் முடிந்த அளவுதான், பத்துப் பேர் வந்தாலும் முடிந்த அளவுதான். எப்போது சந்தோஷப்படுவது, எப்போது கவலைப்படுவது என்றே மனசுக்குத் தெரியாது. விற்பனைப் பிரிவில் ஆட்களை வைத்து வேலை வாங்கியவள் நான். "என்னால் ஆனதைச் செய்கிறேன் மேடம்" என்று ஒருவர் சொன்னால், அந்த வாரம் அவரிடமிருந்து பெரிதாக ஒன்றும் வராது என்று மனதுக்குள் முடிவு செய்துவிடுவேன். பெரும்பாலும் தப்பாது.

குறிப்பான, கொஞ்சம் கடினமான இலக்குதான் அதிக வேலை வாங்கும் என்று உளவியலாளர் எட்வின் லாக் 1968-லேயே எழுதினார். அதை நிஜ வேலைத்தளத்தில் பார்த்தவர் கேரி லாத்தம். 1975-ல் வெளியான ஆய்வு அது. அமெரிக்காவில் மரத்தடி ஏற்றும் லாரிகள், சட்டம் அனுமதிக்கும் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் ஏற்றிக்கொண்டிருந்தன. தடிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் இருக்கும், கண்ணால் எடை போடுவது சிரமம். '94 சதவீதம் ஏற்றுங்கள், எட்டாவிட்டால் யாரையும் தண்டிக்க மாட்டோம்' என்றது நிர்வாகம். கூலியில் காசு கூடவில்லை. ஆனாலும் அளவு 80-க்கு ஏறியது. அடுத்த மாதம் 70-க்கு இறங்கியது. சொன்ன வார்த்தையை நிர்வாகம் காப்பாற்றுகிறதா என்று ஓட்டுநர்கள் ஆழம் பார்த்தார்கள்! யாரும் அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் 90-ஐத் தாண்டிப் போய் அங்கேயே நின்றது.

அந்த 70-ஐத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். உங்களுக்கு முதலாளியும் நீங்களே. இலக்கு தவறிய வாரத்தில் உங்களையே திட்டித் தீர்த்தால், அடுத்த வாரம் இலக்கைச் சின்னதாக்கி எழுத ஆரம்பித்துவிடுவீர்கள். திட்டாதீர்கள், இலக்கையும் குறைக்காதீர்கள்.

சரி, என்ன எண் எழுதுவது? இங்கே ஒரு சிக்கல். வடிவமைப்பு உங்களுக்குக் கை வந்த கலை. ஆள் பிடிப்பது உங்களுக்குப் புதுத் தொழில். இன்னும் பிடிபடாத வேலையில் 'மாதம் இத்தனை பேர்' என்று எழுதினால் பதற்றம்தான் மிஞ்சும். அந்த மாதிரி வேலைக்குக் கற்றுக்கொள்ளும் இலக்குதான் பொருந்தும் என்று லாத்தமும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் பின்னால் காட்டினார்கள். ஆகவே இந்த மாதம், 'புது ஆட்களை அடைய ஐந்து வழிகளை முயன்று பார்ப்பேன், எதில் பதில் வருகிறது என்று குறித்துவைப்பேன்' என்று எழுதுங்கள். எண்ணிக்கை இலக்கு அதற்கப்புறம்.

அதையும் நாள், நேரத்தோடு எழுதுங்கள். 'செவ்வாய் காலை பத்து மணி ஆனதும், மின்னஞ்சலைத் திறக்கும் முன், பழைய வாடிக்கையாளர் ஒருவருக்கு போன் செய்து, தெரிந்தவர் யாருக்காவது இணையதளம் வேண்டுமா என்று கேட்பேன்.' இந்த வகைத் திட்டத்தைப் பற்றி விரிவாக ஆராய்ந்தவர் பீட்டர் கோல்விட்ஸர். மணி பத்து அடித்ததும் யோசிக்க ஒன்றும் மிச்சமிருக்காது, போனை எடுக்க வேண்டியதுதான். உற்சாகம் இருக்கிறதா என்று அந்த நேரத்தில் தேடவே தேடாதீர்கள். இரண்டு பேர் நல்லபடியாகப் பேசினால் அது தானாக வரும்.

கேள்வி: சொந்தமாகப் பயிற்சி மையம் தொடங்கப் போவதாக எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஊர் அறியச் சொன்னால் பின்வாங்க முடியாது என்று நினைத்தேன். ஆனால் வேகம் குறைந்துவிட்டது. ஏன்?

பதில்: எத்தனை பேர் வாழ்த்தினார்கள்? அந்த வாழ்த்திலேயே பாதி ஆசை தீர்ந்திருக்கும். அதே கோல்விட்ஸர் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வில் சட்ட மாணவர்களும் உண்டு. படிப்பில் தீவிரமாக இருக்கப் போகிறேன் என்ற எண்ணத்தை இன்னொருவர் தெரிந்துகொண்டதும், அந்த மாணவர்கள் படிப்பில் செலவழித்த நேரம் குறைந்தது. வக்கீலாக வேண்டும் என்ற ஆசை அதிகம் உள்ளவர்களிடம்தான் இது நடந்தது என்பது வேடிக்கை. இனி கைதட்டுகிறவர்களிடம் சொல்லாதீர்கள். 'இடம் பார்த்தாயா? பாடத்திட்டம் எங்கே?' என்று வெள்ளிக்கிழமைதோறும் நச்சரிக்கிற ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். அப்படி ஒருவர் எல்லோர் வாழ்க்கையிலும் இருப்பார், நாம்தான் அவர் போனை எடுப்பதில்லை.

கேள்வி: கூட்டாளியோடு தொடங்கிய தொழில் நஷ்டத்தில் ஓடுகிறது. விடுவதா, விடாப்பிடியாக நிற்பதா?

பதில்: உங்கள் கணக்கைப் பார்க்காமல் விடு என்றோ நில் என்றோ சொல்ல மாட்டேன். ஆனால் 'இவ்வளவு போட்டுவிட்டோமே' என்பதை ஒரு காரணமாக வைக்காதீர்கள். தாங்களே எடுத்த முடிவு நஷ்டம் தரும்போது, மனிதர்கள் அதிலேயே இன்னும் அதிகப் பணத்தைக் கொட்டுவார்கள் என்று பேரி ஸ்டா 1976-ல் சோதித்துக் காட்டினார். இன்றே இருவரும் உட்கார்ந்து, எந்தத் தேதிக்குள் வரவு எவ்வளவைத் தொடாவிட்டால் மூடுவது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கூட்டாளி கையெழுத்துப் போட மறுத்தால், அதைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.