கோழி வளர்ப்பு கேள்வி – பதில்: கையைக் கண்டாலே ஓடும் குஞ்சுகள்

கேள்வி: பத்து நாள் வயதுள்ள எட்டு நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வாங்கி வந்தோம். பெட்டிக்குள் கையை விட்டாலே மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்து கத்துகின்றன. தண்ணீர் மாற்றக்கூட முடியவில்லை. பிள்ளைகள் ஆசையாகத் தூக்கப் போனால் இன்னும் மோசம். இவற்றைப் பழக்க முடியுமா?
– வாசகி, தக்கலை

பதில்: பழக்கலாம். இரண்டு வாரம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

முட்டையிலிருந்து வந்த முதல் இரண்டு, மூன்று நாட்களில் எதைப் பார்க்கிறதோ அதைத் தாயாக ஏற்றுக்கொள்வது கோழிக்குஞ்சின் இயல்பு. அதன்பிறகு புதிதாக எது அசைந்தாலும் பயப்படும். டக்ளஸ் ஸ்பால்டிங் என்ற ஆங்கிலேய உயிரியல் ஆய்வாளர் பொரித்த உடனே குஞ்சுகளின் கண்ணை மூடி வைத்துப் பார்த்து, 1873-லேயே இதை எழுதியிருக்கிறார். கிட்டத்தட்ட நான்கு நாள் வரை மூடி வைத்துத் திறந்த குஞ்சுகள் அவரைக் கண்டதும் தலைதெறிக்க ஓடின. உங்கள் குஞ்சுகள் அந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் உங்களிடம் வந்திருக்கின்றன. அதனால் இனி உங்களைத் தாயாக நினைக்காது. ஆனால் தீனி தரும், தீங்கு செய்யாத ஆள் என்று நம்ப வைக்கலாம்.

முதலில் பெட்டியைக் கவனியுங்கள். மேலே திறந்த பெட்டிதான் பாதிப் பயத்துக்குக் காரணம். மேலிருந்து இறங்கும் கை குஞ்சுக்குப் பருந்துதான். அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டுக் கம்பிவலை வைத்துக் கட்டுங்கள். அந்த வலையைக் கதவுபோலத் திறந்து, தரையோடு தரையாகக் கையை உள்ளே விடுங்கள். எட்டுக் குஞ்சுக்கு இரண்டடிக்கு இரண்டடி இடம் இப்போதைக்குப் போதும். கீழே இரண்டு அங்குலம் உமி போடுங்கள். வெறும் செய்தித்தாள் வழுக்கும். கால் அகன்று குஞ்சு முடமாகும். பொடி மரத்தூளைத் தீனி என்று கொத்தித் தின்றுவிடும்.

குளிரில் நடுங்கும் குஞ்சு எதையும் பழகாது. முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்க வேண்டும். எல்.இ.டி. பல்பு சூடு தராது. பழைய 60 வாட் குண்டு பல்பை ஒரு மூலையில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிடுங்கள். பல்புக்கடியில் குவிந்தால் குளிர்கிறது. வாயைத் திறந்துகொண்டு தள்ளி நின்றால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரி. நம் குமரி மாவட்டத்தில் ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. கரண்டு போகும் இரவுக்கு வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள்.

இனி பழக்குவது. முதல் நாள் தொடவே வேண்டாம். தீனி, தண்ணீர் வைத்துவிட்டு விலகிவிடுங்கள். அடுத்த இரண்டு நாட்கள், காலை, மதியம், சாயங்காலம் பத்துப் பத்து நிமிடம் பெட்டியருகே தரையில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுங்கள். ஒவ்வொரு முறை தீனி வைக்கும்போதும் 'பா... பா... பா...' என்று ஒரே குரலில் கூப்பிடுங்கள். தீனி கண்ட தாய்க்கோழி இப்படித்தான் குஞ்சுகளை அழைக்கும். வீட்டில் எல்லோரும் அதே குரலையே பயன்படுத்துங்கள்.

நான்காம் நாள் தீனித் தட்டை ஒரு மணி நேரம் மட்டும் எடுத்துவிட்டு, உள்ளங்கை மேலே பார்க்கக் கையைத் தரையில் வையுங்கள். அவித்த முட்டை மஞ்சள்கருவைப் பொடித்து விரல் நுனியருகே தூவுங்கள். கறையான் கிடைத்தால் அதைவிட வேறு வேண்டாம். கை அசையவே கூடாது. துணிச்சலான ஒன்று கழுத்தை நீட்டி ஒரு கொத்து கொத்திவிட்டு ஓடும். அதைப் பார்த்து மற்றவை வரும். மறுநாள் தீனியை விரல்மேல், அதற்கடுத்த நாள் உள்ளங்கையில், பிறகு மணிக்கட்டருகே வையுங்கள். குஞ்சு தானாக ஏறி நிற்கும். உள்ளங்கைச் சூடு பிடித்துவிட்டால் அங்கேயே உட்காரும். கீழ் இமை மெல்ல மேலே ஏறிக் கண் மூடும். கீச்சென்ற கத்தல் போய்த் தொண்டைக்குள் மெல்லிய முணுமுணுப்பு கேட்கும். அந்தக் குஞ்சு உங்களை நம்பிவிட்டது.

அதன்பிறகே தூக்க வேண்டும். இரண்டு கைகளையும் அடியில் கொடுத்து, கால்கள் கையில் ஊன்றியிருக்க இரண்டு அங்குலம் மட்டும் தூக்கி, உடனே இறக்கிவிடுங்கள். முதுகைப் பிடித்துத் தூக்கினால், துரத்திப் பிடித்தால், ஒரு வார உழைப்பு ஒரே நாளில் போய்விடும். பிள்ளைகளை ஒவ்வொருவராக, உட்கார்ந்த நிலையில் மட்டும் பழக விடுங்கள். குஞ்சை முகத்தோடு சேர்த்து முத்தமிட விடாதீர்கள். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவியே ஆகவேண்டும். வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் சால்மோனெல்லா கிருமி ஆரோக்கியமாகத் தெரியும் குஞ்சிடமும் இருக்கலாம்.

வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்த் தடுப்பு மருந்து போட்டாயிற்றா என்று விற்றவரிடம் கேளுங்கள். போடவில்லையென்றால் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். அந்த மருந்தைக் கண்ணில் சொட்டு விடும் வேலையை இரவில், மங்கிய வெளிச்சத்தில் செய்யுங்கள். இருட்டில் குஞ்சுக்குப் பார்வை குறைவு, அதனால் மிரட்சியும் குறைவு.

கேள்வி: பையன் சந்தையில் ஒரே ஒரு கலர் குஞ்சு வாங்கி வந்தான். ராத்திரி பகலாகக் கத்துகிறது. கையில் எடுத்தால் மட்டும் அமைதி.
– வாசகர், திங்கள்சந்தை

பதில்: அது உங்கள்மேல் உள்ள பாசம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். தனிமையும் குளிரும்தான் கத்த வைக்கின்றன. அதே வயதில் இன்னும் இரண்டு குஞ்சுகள் வாங்கி, இரவில் விளக்கணைத்த பின் சேர்த்துவிடுங்கள். அதுவரை பல்புச் சூடும், ஒண்டிக்கொள்ளத் தொங்கவிட்ட பழந்துணியும் கொடுங்கள். பெரும்பாலும் இவை முட்டைக்கோழி இனத்தின் சேவல் குஞ்சுகள்; இறகு முளைக்க முளைக்கச் சாயம் போய்விடும். முட்டை எதிர்பார்க்க வேண்டாம் என்று பையனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: தாய்க்கோழியோடு இருக்கும் குஞ்சுகளைப் பழக்க வழி உண்டா? அருகில் போனால் கோழி கொத்த வருகிறது.
– வாசகி, குலசேகரம்

பதில்: குஞ்சை விட்டுவிட்டுக் கோழியைப் பழக்குங்கள். கோழி உங்கள் கையில் குருணை தின்றால், குஞ்சுகளும் பின்னாலேயே வந்து தின்னும். அடைக்கு வைக்கும் முன்பே இதைத் தொடங்கிவிடுவது நல்லது. குஞ்சைத் தாயிடமிருந்து பிரித்துப் பழக்காதீர்கள். ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீடு என்றால் கீரியும் பருந்தும் வரும். எப்போது பதுங்க வேண்டும் என்று தாய் கொடுக்கும் எச்சரிக்கைக் குரலை உங்களால் கொடுக்க முடியாது.