ஓவியர் வாழ்ந்த வீட்டை மியூசியமாக்கி வைத்திருந்தால் அங்கே பார்க்க என்ன இருக்கும்? டிக்கெட் காசுக்குத் தகுமா?

தகும். ஆனால் ஆம்ஸ்டர்டாமில் ரெம்பிராண்ட் வீட்டுக்குப் போன முதல் கால் மணி நேரத்தில் கேட்டிருந்தால் தண்டச் செலவு என்றுதான் சொல்லியிருப்பேன்.

அவருடைய பெரிய ஓவியங்கள் சுவர் முழுக்க இருக்கும் என்று நம்பிப் போனால், மாட்டியிருப்பதில் பெரும்பாலானவை அவருடைய குருவும் சீடர்களும் அந்தக் காலத்து மற்றவர்களும் வரைந்தவை. அவருடைய புகழ்பெற்ற 'இரவுக் காவல்' அதே ஊரில் உள்ள ரைக்ஸ்மியூசியம் என்ற பெரிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சரி, கட்டில் நாற்காலியாவது அவருடையதா என்றால் அதுவும் இல்லை, அதே காலத்துச் சாமான்களைத் தேடிப்பிடித்து வைத்திருக்கிறார்கள்.

அப்புறம்தான் ஜப்தி கதை தெரிந்தது. 1639-ல் 13,000 கில்டருக்கு (அந்தக் காலத்து டச்சுப் பணம்) வாங்கிய வீடு இது. மனிதர் நன்றாகச் சம்பாதித்தவர், ஆனால் ஏலத்தில் கண்டதையும் வாங்கிக் குவிக்கிற ஆள், வீட்டுக் கடனோ அடைந்தபாடில்லை. 1656-ல் திவாலானார். அதிகாரிகள் வந்து அறை அறையாகப் புகுந்து இருந்ததையெல்லாம் எழுதினார்கள், மொத்தம் 363 இனங்கள். இன்று எந்த அறையில் எதை வைப்பது என்று முடிவு செய்ததே பெரும்பாலும் அந்தப் பட்டியலை வைத்துத்தான். கடன்காரர்களுக்காக எழுதிய காகிதம், இப்போது நமக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுகிறது!

அதைத் தெரிந்துகொண்டு திரும்பவும் முதலிலிருந்து சுற்றினேன். சேகரிப்பு அறையில் சங்கு, சிப்பி, கொம்பு, ஆயுதம், ரோமப் பேரரசர்களின் மார்பளவுச் சிலை என்று அலமாரி பிதுங்குகிறது. கடனில் மூழ்கிக்கொண்டு இதையா வாங்கினார் என்று சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. (முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து இருபதுக்கும் மேல் கோட்டோவியங்கள் வரைந்தவர் இவர், ஷாஜகான்கூட அதில் உண்டு.) மாடியில் வடக்கு பார்த்த ஜன்னல்களோடு ஓவியக்கூடம். வெயில் நேராக விழாததால் வெளிச்சம் சீராக இருக்கிறது. அங்கே ஒருவர் காவிப் பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து வண்ணம் அரைத்துக் காட்டினார், எனக்குச் சந்தனம் அரைப்பதுதான் ஞாபகம் வந்தது.

செப்புத் தகட்டிலிருந்து அச்சு எடுத்தும் காட்டுகிறார்கள். தகட்டில் வலப்பக்கம் இருப்பது தாளில் இடப்பக்கம் விழும். அச்சு எடுத்துக் காட்டும் நேரத்தை உள்ளே போனதுமே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய படிகள் ரொம்பச் செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்களை அவசரப்படுத்தாதீர்கள்.